கண் சிமிட்டும் சிவப்பு விளக்கு: ஓவர்ஹால் செய்த எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் ஏன் குறைகிறது?

மாணவர்களே, ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

பள்ளி விடுமுறை. மாமாவின் கார் பட்டறையில் கூடமாட உதவி செய்துகொண்டிருக்கிறீர்கள். பழைய 1300 சிசி கார் ஒன்றின் எஞ்சினை முழுவதும் பிரித்து, ஓவர்ஹால் செய்து, இன்றுதான் மீண்டும் பூட்டி முடித்திருக்கிறார்கள். புதிய பிஸ்டன் வளையங்கள், புதிய பேரிங்குகள், புதிய கேஸ்கெட்டுகள், புதிய எண்ணெய். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உயிர் பெற்றது. சில விநாடிகளில் எண்ணெய் விளக்கும் அணைந்தது. எல்லார் முகத்திலும் மகிழ்ச்சி.

இருபது நிமிடம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறியது. அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. மாமா உடனே எஞ்சினை நிறுத்தினார்.

காரின் உரிமையாளர் பாசார் மாலாமில் பலகாரம் விற்பவர். சேமித்து வைத்த பணத்தில்தான் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் வண்டியை எடுக்க வருவார். இன்று வியாழக்கிழமை. பக்கத்தில் நின்ற ஒருவர், “கெட்டியான மின்யாக் ஹீத்தாமை ஊற்றிக் கொடுத்துவிடு. விளக்கு அணைந்துவிடும்” என்கிறார்.

அவர் சொல்வது பொய்யல்ல. விளக்கு அணைந்துதான் போகும். ஆனால், எஞ்சின் பிழைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் இயற்பியலும், ஒன்றன்பின் ஒன்றாக யோசிக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறதா?

எண்ணெய் அழுத்தம் குறைந்தால் பலரும் முதலில் குற்றம் சாட்டுவது எண்ணெய்ப் பம்பைத்தான். ஆனால், பம்பின் வேலை அழுத்தத்தைத் தருவது அன்று. எண்ணெயை ஓட வைப்பதுதான். எஞ்சினுக்குள் இருப்பது பற்சக்கர வகைப் பம்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு எண்ணெயை அது அடித்தொட்டியிலிருந்து உறிஞ்சி முன்னால் தள்ளும். அவ்வளவுதான்.

அப்படியானால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துப் பாருங்கள். முனை திறந்திருந்தால் தண்ணீர் மெதுவாக விழும். கட்டைவிரலால் பாதி மூடினால் சீறிப் பாயும். தண்ணீர் வெளியேற நீங்கள் தடை போட்டதால் குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. எஞ்சினில் அந்தக் கட்டைவிரலின் வேலையைச் செய்பவை பேரிங்குகள்.

எனவே, எண்ணெய் அழுத்தம் குறைந்தால் காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். போதுமான எண்ணெய் பம்புக்குள் போகவில்லை, அல்லது பம்பே சரியாகத் தள்ளவில்லை. பம்பைத் தாண்டிய எண்ணெய் எங்கேயோ மிக எளிதாகத் தப்பி ஓடுகிறது. எண்ணெய் மிக நீர்த்துப் போயிருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால், மீட்டரோ விளக்கோ பொய் சொல்கிறது.

தாளின் பாதித் தடிமன்

எஞ்சினின் அடிப்பகுதியில் சுழல்கிறது கிராங்க் தண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் பெரும்பாலும் ஐந்து மெயின் பேரிங்குகள் அதைத் தாங்கும். பிஸ்டன்களிலிருந்து வரும் நான்கு கம்பித்தண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பேரிங் வழியாக அதைப் பிடித்திருக்கும். மொத்தம் ஒன்பது. இவற்றில் உருளும் குண்டுகள் கிடையாது. வழவழப்பான, வளைந்த உலோகத் தகடுகள் மட்டுமே. தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நீங்கள் எழுதும் ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி கூட இல்லை!

அந்த இடைவெளியில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் தண்டு மிதந்து சுழல்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதை உலகுக்குக் காட்டிய சோதனை சுவையானது. 1883இல் பிரிட்டனில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் சக்கர அச்சைத் தாங்கும் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலேறி வழிந்தது. ஓர் அடைப்பானை வைத்து மூடினார். எண்ணெய் அதையும் வெளியே தள்ளிவிட்டது. மீட்டரைப் பொருத்திப் பார்த்தபோது முள் 200 பிஎஸ்ஐயைத் தாண்டியது. அதாவது, சுமார் 14 பார். பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பவுண்டுதான்.

அங்கே எண்ணெயைத் தள்ளுவதற்குப் பம்பே இல்லை. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகிய இடத்துக்குள் ஆப்புப் போலச் செருகி, அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. 1886இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதச் சமன்பாட்டைத் தந்தார்.

இதிலிருந்து ஓர் உண்மை புரிகிறது. தண்டைத் தூக்கிப் பிடிப்பது பம்பின் அழுத்தம் அன்று. சுழற்சி உண்டாக்கும் எண்ணெய் ஆப்பு. ஆனால், அந்த ஆப்புக்கு ஓயாமல் புது எண்ணெய் வந்துகொண்டிருக்க வேண்டும். அதைக் கொண்டு வருவதுதான் பம்பின் வேலை. வரத்து நின்றால் படலம் கிழியும்; உலோகங்கள் உரசும்; சில நிமிடங்களில் பேரிங் உருகிக் கெட்டுவிடும். மாமா ஏன் அவ்வளவு அவசரமாக எஞ்சினை நிறுத்தினார் என்பது இப்போது விளங்குகிறதா?

இரண்டு மடங்கு, எட்டு மடங்கு

இனி ஒரு கணக்கு. பேரிங்கின் இடைவெளி 0.04இலிருந்து 0.08 மில்லிமீட்டராக, அதாவது இரண்டு மடங்காக, கூடினால் அதன் வழியாகக் கசியும் எண்ணெய் எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கு என்று சொல்லத் தோன்றும். சரியான விடை எட்டு மடங்கு.

வழி இரண்டு மடங்கு அகலமாவதால் கசிவு இரண்டு மடங்காகும். சுவரை ஒட்டிய எண்ணெய் நகராது. நடுவில் உள்ளதுதான் வேகமாக ஓடும். இடைவெளி இரண்டு மடங்கானால் அந்த வேகம் நான்கு மடங்காகும். இரண்டையும் பெருக்குங்கள்: எட்டு. மெல்லிய இடைவெளியில் ஓட்டம், இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பதே விதி.

கண்ணுக்குத் தெரியாத 0.04 மில்லிமீட்டர் பிழை ஓர் எஞ்சினையே முடக்கிவிடக் காரணம் இந்த மும்மடிதான்.

முதலில் மீட்டர், பிறகு ஸ்பேனர்

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்க மாட்டார். எளிதான, செலவில்லாத சோதனைகளை முதலில் முடிப்பார். மாமாவுடன் நீங்களும் வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, எண்ணெய் அளவு. அளவுகோலை இழுத்துப் பார்க்கிறீர்கள். எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான். சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். இங்கே அளவு சரியாக இருக்கிறது.

இரண்டாவது, எண்ணெயின் தரம். பெட்டியில் 10டபிள்யூ-40 என்று இருக்கிறது. கையேடு கேட்பதும் அதுதான். முகர்ந்து பார்க்கிறீர்கள். பெட்ரோல் வாடை இல்லை. பெட்ரோல் கலந்திருந்தால் எண்ணெய் நீர்த்துப் போயிருக்கும்.

மூன்றாவது, விளக்கு உண்மை சொல்கிறதா? விளக்குக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் குழாயுடன் கூடிய அழுத்த மீட்டரைப் பூட்டுகிறார் மாமா. இதைத் தாண்டிப் போய் எஞ்சினைப் பிரித்தவர்கள் பலர் பிறகு வருந்தியிருக்கிறார்கள். சில வண்டிகளில், புரியில் வெள்ளை டேப்பை அதிகமாகச் சுற்றியதாலேயே மின்தொடர்பு கெட்டு மீட்டர் தவறாகக் காட்டும். பத்து நிமிட வேலை. ஆனால், பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மீட்டரில் அளப்பதற்காக மட்டும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, மூன்று எண்களைக் குறித்துக்கொள்கிறீர்கள்.

குளிர்ந்த எஞ்சின், மெதுவான ஓட்டம்: 4 பார்.
சூடான எஞ்சின், மெதுவான ஓட்டம்: 0.4 பார்.
சூடான எஞ்சின், நிமிடத்துக்கு 3000 சுற்று: 1.2 பார்.

1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்; ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். இந்த எஞ்சினுக்குக் கையேடு, சூட்டில் மெதுவாக ஓடும்போது 1 பாரும், 3000 சுற்றில் 3 பாரும் இருக்க வேண்டும் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். விளக்கு பொய் சொல்லவில்லை. அழுத்தம் உண்மையிலேயே குறைவு.

எண்கள் தரும் துப்பு

துப்பறிவாளர் சாட்சிகளை ஒவ்வொருவராக விலக்குவது போல, இந்த மூன்று எண்களையும் கொண்டு காரணங்களை விலக்கலாம்.

எண்ணெய் பம்புக்குள் போகாமல் இருக்கலாமா? ஓவர்ஹாலுக்குப் பிறகு இது அடிக்கடி நடப்பதுதான். கேஸ்கெட் பசையை அள்ளிப் பூசினால், பிதுங்கிய துண்டுகள் உறிஞ்சு குழாயின் வலையை அடைத்துக்கொள்ளும். குழாயின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். ஆனால், அப்படி இருந்தால் வேகம் கூடும்போது நிலைமை மோசமாகும், முள் நடுங்கும், அழுத்தம் சரியும். இங்கே வேகம் கூடியபோது அழுத்தமும் ஒழுங்காகக் கூடியது. ஆகவே, இந்த ஐயத்தைப் பின்னுக்குத் தள்ளலாம்.

ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டதா? அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திருப்பி அனுப்பும் காவலாளி அது. ஒரு சிறு உலோகத் தூள் அதைத் திறந்தபடி நிறுத்திவிடலாம். ஆனால், அகலத் திறந்திருந்தால் குளிர்ந்த நிலையில் கூட 4 பார் வந்திருக்குமா? வாய்ப்பு குறைவு.

எண்ணெய்ப் பாதையின் திருகு மூடி ஒன்றை மாட்ட மறந்துவிட்டார்களா? எஞ்சின் பிளாக்கைக் கழுவும்போது இந்த மூடிகளைக் கழற்றுவார்கள். ஒன்று விடுபட்டால் அகலமான துளையில் எண்ணெய் கொட்டும். குளிரிலும் அழுத்தம் நிற்காது. இதுவும் பொருந்தவில்லை.

இனி எண்களின் விகிதத்தைப் பாருங்கள். 1 பாருக்குப் பதில் 0.4. 3 பாருக்குப் பதில் 1.2. இரண்டிலும் அதே 0.4 பங்கு! பம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால், மறுமுனையில் தடை குறைந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

குளிரில் 4 பார் வந்தது ஏன்? 10டபிள்யூ-40 எண்ணெய் 100 பாகை செல்சியசில் இருப்பதைவிட, நம் நாட்டுக் காலை வெப்பநிலையான 30 பாகையில் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். கெட்டியான எண்ணெய் அகன்ற இடைவெளியிலும் திணறித்தான் வெளியேறும். 0.4ஐப் பத்தால் பெருக்கினால் 4. குளிரில் நல்ல அழுத்தம், சூட்டில் வீழ்ச்சி: பேரிங் இடைவெளி பெரிதாகிவிட்டதைச் சொல்லும் கையெழுத்து இது.

எத்தனை பேரிங்குகள் கெட்டிருக்கும்? படிவம் 5 மாணவர்களுக்கு இது பழகிய கணக்கு. எண்ணெயின் ஓட்டத்தை மின்னோட்டமாகவும், அழுத்தத்தை மின்னழுத்தமாகவும், பேரிங்குகளைப் பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளாகவும் நினையுங்கள். எளிமைக்காக ஒன்பது பேரிங்குகளும் ஆளுக்கொரு பங்கு எண்ணெயைக் கசியவிடுவதாகக் கொள்வோம். மொத்தம் 9 பங்கு. ஒரு பேரிங்கின் இடைவெளி இரட்டித்தால் அது மட்டும் 8 பங்கு, மொத்தம் 16. அழுத்தம் 9/16, அதாவது 0.56 ஆகும். இரண்டு பேரிங்குகள் என்றால் 7 + 8 + 8 = 23. அழுத்தம் 9/23, அதாவது 0.39.

நம் மீட்டர் காட்டியது 0.4! இது தோராயக் கணக்குத்தான். என்றாலும், எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அடித்தொட்டியைக் கழற்றிய பிறகு

இப்போது எஞ்சினைத் திறக்கக் காரணம் இருக்கிறது. மாமா எண்ணெயை வடித்துவிட்டு அடித்தொட்டியைக் கழற்றுகிறார். உறிஞ்சு குழாயின் வலை சுத்தமாக இருக்கிறது. ரப்பர் வளையமும் சரி. ரிலீஃப் வால்வு தடையின்றி நகர்கிறது.

அடுத்து ஓர் அழகான சோதனை. எண்ணெய் நிரப்பிய சிறு கலனில் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்த மீட்டர் பூட்டிய அதே துளை வழியாக எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்துகிறார். எஞ்சின் ஓடவில்லை. நீங்கள் கீழே இருந்து விளக்கைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். பெரும்பாலான பேரிங்குகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிறது. மூன்றாவது, நான்காவது மெயின் பேரிங்குகளில் மட்டும் ஒழுகுகிறது.

அந்த இரண்டின் மூடிகளைக் கழற்றி, தண்டின் மேல் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து மீண்டும் முறையாக முறுக்கிப் பூட்டிக் கழற்றுகிறார். நசுங்கிய இழையின் அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். 0.08 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது 0.04.

மைக்ரோமீட்டர் மிச்சக் கதையைச் சொல்கிறது. ஓவர்ஹாலின்போது கடைசல் பட்டறையில் தண்டைத் தேய்த்து 47.75 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பேரிங்குகளும் அதற்கேற்ப வாங்கியவைதான். இந்த இரண்டு இடங்களில் மட்டும் விட்டம் 47.71. திரும்பி வந்த தண்டை யாரும் அளந்து பார்க்கவில்லை. “இப்போதுதான் தேய்த்து வந்தது, சரியாகத்தான் இருக்கும்” என்று எண்ணிப் பூட்டிவிட்டார்கள். புதியது என்பதால் சரியானது என்று ஆகிவிடாது.

கெட்டி எண்ணெய் ஏன் மருந்தாகாது?

பக்கத்தில் நின்றவரின் யோசனையை இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். 100 பாகை செல்சியசில் 10டபிள்யூ-40 எண்ணெயின் பாகுத்தன்மை ஏறக்குறைய 14 அலகு என்றால், 20டபிள்யூ-50க்கு ஏறக்குறைய 18. அழுத்தம் 0.4 × 18/14, அதாவது சுமார் 0.5 பார் ஆகும். இந்தக் காரின் சுவிட்ச் 0.4 பாரில் விளக்கை எரியவைக்கிறது. ஆகவே, விளக்கு அணையும். வண்டியைக் கொடுத்துவிடலாம்.

ஆனால், இடைவெளி அப்படியே 0.08தான். அகன்ற இடைவெளியில் எண்ணெய் ஆப்பு வலுவிழக்கும். பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது தண்டு பேரிங்கில் மோதும். பேரிங் தேயும், தேய்ந்தால் இடைவெளி இன்னும் கூடும், அழுத்தம் இன்னும் குறையும். ஒருநாள் இரவு, பலகாரக் கூடைகளோடு நெடுஞ்சாலையில் எஞ்சின் நிற்கும். காய்ச்சலுக்கான காரணத்தை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பது போன்றதுதான் இது.

இன்னொரு தவறான வைத்தியம், ரிலீஃப் வால்வுக்கு வலுவான ஸ்பிரிங் போடுவது. 0.4 பாரில் அந்த வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவை இன்னும் இறுக்கி என்ன பயன்?

அதிக அழுத்தம் காட்டினால் எல்லாம் நலம் என்றும் எண்ண வேண்டாம். மெயின் பேரிங்கின் இரண்டு பாதித் தகடுகளில் எண்ணெய்த் துளை உள்ளது பிளாக்கின் பக்கம் இருக்க வேண்டும். துளையில்லாத தகட்டை அங்கே மாற்றிப் போட்டால் எண்ணெய் வழி அடைபடும். மீட்டர் அருமையான அழுத்தத்தைக் காட்டும். அந்தப் பேரிங்குக்கோ ஒரு சொட்டும் கிடைக்காது. மீட்டர் ஓர் எண்ணைத்தான் தரும். அதன் பொருளை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, அதன் தண்டை நீக்குங்கள். முனையை விரலால் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்த ரோஸ் சிரப்பை ஊற்றுங்கள். விரலை எடுத்து, முழுவதும் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு, வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடேற்றிய சிரப்பைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால், சூட்டில் ஏன் விளக்கு கண் சிமிட்டியது என்பது கையிலேயே புரியும். எஞ்சின் எண்ணெயைக் கொண்டு இதைச் செய்ய வேண்டாம். சூடான எண்ணெய் தோலைச் சுட்டுவிடும்.

சிந்தியுங்கள்

1. மெதுவாக ஓடும்போது அழுத்தம் சரியாக இருந்து, வேகம் கூடும்போது சரிந்தால் முதலில் எதைச் சோதிப்பீர்கள்?
2. மூன்று பேரிங்குகளின் இடைவெளி இரட்டித்தால், அழுத்தம் எத்தனை பங்காகக் குறையும்?
3. வளைவில் திரும்பும்போது மட்டும் விளக்கு எரிந்தால் அது எதைக் காட்டுகிறது?

பட்டறைக்குத் திரும்புவோம். கிராங்க் தண்டை மீண்டும் வெளியே எடுக்க வேண்டும். மெயின் பேரிங்குகள் உட்காரும் எல்லா இடங்களையும் 47.50 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, அதற்கேற்ற பேரிங்குகளைப் போட வேண்டும். இந்த முறை பூட்டுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் நீங்களே அளந்து எழுதி வைக்கப் போகிறீர்கள்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுக்கிறார். “அண்ணே, சனிக்கிழமை வராதீங்க. இன்னும் ஒரு வாரம் கொடுங்க. ஒரு தப்பைக் கண்டுபிடிச்சிருக்கோம். செலவு என் பொறுப்பு.”